பிந்தாமல் கீழ்ப்படிவோம்

(தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த கூட்டமொன்றில், கல்முனையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசிய பேச்சு. அவர் பேசிய விதத்திலேயே பெரும்பாலும் இங்கு தருகிறோம்.)



நான் கடற்கரை ஊர்க்காரன். நேற்றுக் காலையில் கல்முனையில் பஸ் ஏறினேன். அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, கொஸ்லந்தை என்று வந்து சேர்ந்தேன். நடுவிலே பஸ் மாறினேனே தவிர றோட்டு மாறவில்லை. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற ஏ-4 பாதை அது. எங்கள் கடற்கரையும் உங்கள் தேயிலை மலையும் ஒரே றோட்டில்தான் இருக்கின்றன. ஆகவே என்னை அந்நியனாக நினைக்க வேண்டாம்.

ஆண்டவருக்கு உடனே கீழ்ப்படிவது பற்றியும், அவர் வழிநடத்துவதை நம்புவது பற்றியும் பேசும்படி கேட்டார்கள். இங்கே இந்து சகோதரர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் கிறிஸ்தவன். எனக்குத் தெரிந்த வேதாகமத்திலிருந்துதான் பேசுவேன். உங்களுக்கு உதவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

பெரட்டும் கொழுந்தும்

இந்த விஷயம் உங்களுக்குப் புதிது இல்லை. காலையில் பெரட்டுக்குப் பிந்திப் போனால் என்ன நடக்கும்? ‘நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லையே, கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதானே’ என்று கங்காணியிடம் சொல்லிப் பாருங்கள். பெயர் விழாது. வேலை செய்ய மனம் இருந்தது, கையிலே பலம் இருந்தது, கூடையும் இருந்தது. ஆனால் நேரம் போய்விட்டது.

கொழுந்தும் அப்படித்தான். அதற்கு ஒரு சுற்று உண்டு. எடுக்க வேண்டிய நாளில் எடுத்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டும். அந்தச் சுற்றை விட்டுவிட்டால் அதே செடியில், அதே கிளையில் இருப்பது முற்றிப்போன இலை. செடிமேல் குற்றமில்லை. எடுக்க வேண்டிய நாளில் எடுக்கவில்லை, அதுதான் காரியம்.

கீழ்ப்படிதலுக்கும் ஒரு நாள் இருக்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றுதான்.

பாங்கு சொன்னவுடன்

எங்கள் பக்கம் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் இடம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோரமாக ஊருக்கு ஊர் பள்ளிவாசல். இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்கள். நான் பிறந்த நாளிலிருந்து பாங்குச் சத்தத்தோடுதான் விடிகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்முனைக் கடைத்தெருவுக்கு வந்து பாருங்கள். முஸ்லிம் கடைக்காரர் துணி அளந்துகொண்டிருப்பார். மீற்றர் கோல் கையில் இருக்கும். ஜும்ஆவுக்கு நேரமானால், ‘இந்தக் கஸ்டமரை முடித்துவிட்டுப் போவோம்’ என்று இருக்க மாட்டார். கடை பூட்டுப்படும். வியாபாரம் போகிறதே என்ற கவலை இருக்காது என்று நான் சொல்லவில்லை. கவலை இருந்தாலும் பூட்டுவார். சின்ன வயதிலே அதைப் பார்த்து நான் யோசித்ததுண்டு. அழைப்புக் கேட்டவுடன் இவர்கள் எழும்புகிறார்கள். நாங்களோ கோயில் மணி இரண்டாம் தரம் அடித்த பிறகுதான் சேர்ட் தேடுகிறோம்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தப் பாடத்தை நான் படிக்கவில்லை. படிக்காததன் விலையைப் பிறகு கொடுத்தேன். அதை இப்போது சொல்கிறேன்.

திங்கட்கிழமை போவேன் என்றேன்

சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு நண்பர் இருந்தார். சில்லறைக் கடை வைத்திருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். 2004ஆம் ஆண்டு நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்தோம். கணக்கு எழுதினது நான். காசு வைத்திருந்தது அவர். ஒரு மாதம் 3,500 ரூபா குறைந்தது. நான் நாலு பேர் முன்னால் அவரைப் பார்த்து, “காசு உங்கட கையிலதானே இருந்த, காக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. கல்லாவைத் திறந்து தன் சொந்தக் காசில் 3,500 ரூபாவை எண்ணி வைத்தார். அதன் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

ஒக்டோபர் மாதம் பழைய கொப்பி ஒன்றைப் புரட்டும்போது கண்டேன். பிழை என்னுடையது. ஒருவருக்குக் கொடுத்த காசை நான் எழுத மறந்திருந்தேன்.

உடனே போயிருக்க வேண்டும். சைக்கிளில் பத்து நிமிசம். ஆனால் வெட்கம். நாலு பேர் முன்னால் பேசினவன், நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டுமே. சம்பளம் வரட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். பரீட்சைத் தாள் திருத்தி முடியட்டும் என்றேன். இப்படியே இரண்டு மாதம்.

நத்தார் தினம் சனிக்கிழமை. ஆராதனையில் சமாதானம் பற்றிப் பிரசங்கம். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதைப் போதகர் விளக்கினார். வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என் மனதில், ‘இன்றைக்கே போ’ என்பது பட்டப்பகல் மாதிரித் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “அப்ப இண்டைக்கே போய்ற்று வாங்களன், கேக்கும் கொண்டு போகலாம்” என்றாள். நான், “இண்டைக்கு ஆட்கள் வருவினம். நாளைக்கு ஞாயிறு, கோயில் இருக்கு. திங்கட்கிழமை போறன்” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எதுவென்று உங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26.

காலையில் சுமத்திராவுக்குக் கிட்ட கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணித்தியாலம் ஆகும் முன்பே கடல் எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது. அந்த நேரம் இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லை. இலங்கையிலே முப்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லா மாவட்டங்களிலும் கூடுதலாக இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை கரையோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பாடசாலையில், அகதிகளோடு அகதியாக, காக்காவின் மூத்த மகனைக் கண்டேன். வாப்பா கடை திறக்கப் போனவர், ஜனாஸாவை அன்றைக்கே மற்றவர்களோடு அடக்கிவிட்டோம் என்றான். நான் கணக்குப் பிழைத்த கதையைச் சொல்லி, 3,500 ரூபாவைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் காசைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “வாப்பா உங்களப் பத்தி ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னதில்ல, மாஸ்டர். ‘மாஸ்டர் நல்ல மனுசன், ஒரு நாளைக்கு வருவார்’ எண்டுதான் சொல்லுவார்.”

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று நம்புகிறேன். காக்காவின் குடும்பமும் என்னைத் தள்ளவில்லை. அந்த மகன் இன்றைக்கும் பெருநாளைக்கு எனக்குச் சாப்பாடு அனுப்புகிறான். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. காக்கா என் வாயால் ஒரு வார்த்தை கேட்கக் காத்திருந்தார். அதைக் கேட்காமலே போய்விட்டார்.

பிந்தினவனுக்கும் ஒரு கதை

வேதத்தில் எழும்பிப் போனவர்களை நிறையப் பார்க்கலாம். யோசேப்புக்கு இரவில் சொப்பனத்தில் சொல்லப்பட்டது: பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போ. அவர் விடியட்டும் என்று இருக்கவில்லை. இரவோடிரவாகப் புறப்பட்டார். விடியும்வரை இருந்திருந்தால் ஏரோதின் சேவகர் வந்திருப்பார்களோ என்னவோ. பிலிப்பு சமாரியாவில் பெரிய ஊழியம் செய்துகொண்டிருந்தவர். ஆளில்லாத காசா பாதைக்குப் போ என்றதும் எழுந்து போனார். ஏன், எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அங்கே ஒரே ஒரு மனிதன் ரதத்தில் இருந்து வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு அரை நாள் பிந்தியிருந்தால் ரதம் போயிருக்கும்.

பிந்தினவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள். இஸ்ரவேலர் கானான் நாட்டு எல்லைவரை வந்தார்கள். போய்ச் சுதந்தரியுங்கள் என்று சொன்னபோது பயந்து, மாட்டோம் என்று அழுதார்கள். அடுத்த நாள் மனம் மாறி, ‘இதோ போகிறோம்’ என்று மலையேறினார்கள். இப்போது போகாதேயுங்கள் என்று மோசே தடுத்தார். கேட்காமல் போய் அடிபட்டுத் திரும்பினார்கள். பாருங்கள், முதல் நாள் அதே மலைக்குப் போவது கீழ்ப்படிதல். மறுநாள் போவது கீழ்ப்படியாமை. மலை மாறவில்லை, நாள்தான் மாறியது.

இதைக் கேட்டு, ‘அப்போ எனக்கு எல்லாம் முடிந்தது’ என்று யாரும் எண்ண வேண்டாம். இயேசு இன்னொரு கதையும் சொன்னார். ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். இன்றைக்குத் தோட்டத்தில் போய் வேலை செய் என்றார் தகப்பன். மூத்தவன் முடியாது என்றான். பிறகு மனம் வருந்திப் போனான். இளையவன், ‘சரி ஐயா, போகிறேன்’ என்றான். போகவேயில்லை. தகப்பன் சொன்னதைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்டார். மூத்தவன்தான் என்று கேட்டவர்களே சொன்னார்கள்.

நான் அந்த இளையவன் மாதிரி இருந்தேன். ஒரு நாளும் ஆண்டவருக்கு ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘சரி, திங்கட்கிழமை’ என்று சொன்னேன். பக்தியுள்ளவர்கள் கீழ்ப்படியாமல் இருக்கும் விதம் பெரும்பாலும் இதுதான். நேரே மறுக்கிறவனுக்குத் தான் மறுத்தது தெரியும், ஒரு நாள் வருத்தப்படவும் கூடும். தவணை போடுகிறவனுக்குத் தான் மறுத்ததே தெரியாது.

கீழ்ப்படிந்தால் தப்புவோமா?

இங்கே ஒரு கேள்வி வரும். உடனே கீழ்ப்படிகிறவர்களுக்கு ஆபத்து வராதா?

எங்களுக்கு வடக்கே, மட்டக்களப்பில் நாவலடி என்று ஒரு இடம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவிலே ஒடுக்கமான மணல் திட்டு. அங்கே தயாளன் சாண்டர்ஸ் என்ற போதகர் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திவந்தார். அதே 26ஆம் திகதி காலையில், கடல் எழும்பி வருகிறது என்று அவருடைய மனைவி ஓடிவந்து சொன்னார். அவர்கள் எதையும் எடுக்க நிற்கவில்லை. 28 பிள்ளைகளையும் வாவிப் பக்கம் நின்ற படகில் ஏற்றினார்கள். எஞ்சின் உடனே வேலை செய்தது. கர்த்தருடைய நாமத்தைச் சொல்லிக்கொண்டே வாவியைக் கடந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் தப்பினார்கள். இல்லம் அழிந்துபோனது.

இதைக் கேட்டால் தேவனைத் துதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இதை வைத்து, ‘ஜெபித்தவன் தப்பினான், ஜெபிக்காதவன் செத்தான்’ என்று யாரும் சொல்லக் கூடாது. காக்கா ஐந்து நேரமும் தொழுத மனிதர். பிந்தினவன் நான். தப்பினவனும் நான். அன்றைக்கு எங்கள் கரையில் முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் இறந்தார்கள். பால்குடிப் பிள்ளைகளும் இறந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று இயேசு தெளிவாகச் சொல்லிவிட்டார். கீழ்ப்படிதல் என்பது ஆண்டவருக்குக் கொடுக்கிற இன்சூரன்ஸ் பணம் அல்ல.

இதற்கு எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு.

1813ஆம் ஆண்டு முடிவில் இங்கிலாந்திலிருந்து மெதடிஸ்த மிஷனரிமார் சிலர் கப்பலேறினார்கள். தலைவர் தோமஸ் கோக் என்பவர். வயது 66. அந்த வயதில் நாங்கள் பென்சன் எடுத்து வாசலில் கதிரை போட்டு உட்காருவோம். அவரோ ஆசியாவுக்குப் போக வேண்டும் என்று மன்றாடி, தன் சொந்தப் பணத்தையும் போட்டுப் புறப்பட்டார். அவர் இலங்கையைக் காணவேயில்லை. 1814 மே 3ஆம் திகதி கப்பலிலேயே இறந்துபோனார். உடலை இந்து சமுத்திரத்தில் இறக்கினார்கள்.

கூட வந்தவர்களில் வில்லியம் ஓல்ட் என்று ஒரு வாலிபர். அவருடைய மனைவியும் அதே பயணத்தில் நோயினால் இறந்துவிட்டார். மனைவியையும் தலைவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, 1814 ஜூன் 29ஆம் திகதி மற்றவர்களோடு காலியில் வந்து இறங்கினார். யார் எங்கே போவது என்று தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டார்கள். சிலர் யாழ்ப்பாணம், ஒருவர் மாத்தறை, ஒருவர் காலி. ஓல்ட் மட்டும் தனியே மட்டக்களப்புக்கு. தெரிந்தவர் இல்லை, பாஷை இல்லை. ‘என் நிலைமையைப் பார்த்து ஊருக்கு அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனார். தமிழ் படித்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி காய்ச்சலும் களைப்புமாக மட்டக்களப்பிலேயே இறந்துபோனார். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

உலகக் கணக்கில் இது நட்டம். ஆனால் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இல் இருந்தே எண்ணுகிறது. அதே மிஷனின் வேலை தெற்கே கல்முனைக்கும் வந்தது. எங்கள் ஊரில் வெஸ்லி பாடசாலை எழும்பியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். ஓல்ட் இதில் ஒன்றையும் காணவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது அடுத்த அடி மட்டும்தான். அந்த அடியை அவர் எடுத்து வைத்தார். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொண்டார்.

வழிநடத்துதல் என்பது இப்படித்தான். விடிய முன்னம் லயத்திலிருந்து றோட்டுக்கு இறங்கும்போது கையிலே டோர்ச் லைட் வைத்திருப்பீர்கள். அது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வெளிச்சம் காட்டாது. நாலு படி காட்டும். அந்த நாலு படியை இறங்கினால் அடுத்த நாலு படி தெரியும். ‘முழுப் பாதையும் தெரிந்தால்தான் இறங்குவேன்’ என்று வாசலில் நிற்கிறவனுக்கு அந்த முதல் நாலு படிக்கு மேலே தெரியவே தெரியாது.

எது ஆண்டவர் சொல்வது?

‘மாஸ்டர், மனதில் தோன்றுவதெல்லாம் ஆண்டவர் சொல்வதா?’ என்று கேட்பீர்கள். இல்லை. மனதில் ஆயிரம் தோன்றும். நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன்.

முதலாவது, இது இயேசு ஏற்கெனவே சொன்னதோடு ஒத்துப்போகிறதா? மன்னிப்புக் கேள், கடனைக் கொடு, பசித்தவனுக்குக் கொடு, பொய் சொல்லாதே. இதற்கெல்லாம் தரிசனம் தேவையில்லை. நமக்குத் தெரியாதது கொஞ்சம்தான். தெரிந்தும் செய்யாததுதான் மலையாகக் கிடக்கிறது.

இரண்டாவது, இதன் செலவு யார் தலையில் விழுகிறது? ஆண்டவருடைய வழி பெரும்பாலும் என் பெருமையைத்தான் வெட்டும். என் ஆசை நிறைவேறி, செலவு மட்டும் என் மனைவி தலையில், பிள்ளைகள் தலையில் விழுமென்றால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, நான் மதிக்கிற இரண்டு பேரிடம் இதை வெளிச்சத்தில் வைத்துச் சொல்ல முடியுமா? ஒளித்துச் செய்யச் சொல்கிற சத்தம் ஆண்டவருடையதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டவருக்கு உடனே கீழ்ப்படி என்றால், ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற எல்லாருக்கும் உடனே கீழ்ப்படி என்று அர்த்தமல்ல. மாத்திரையை நிறுத்து, ஊசி போடாதே, சம்பளத்தை இங்கே கொடு, இல்லாவிட்டால் சாபம் என்று யாராவது சொன்னால், அங்கே அவசரப்படாதீர்கள். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகக் குடித்துக்கொண்டே ஜெபியுங்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தை வாசிக்கிறோமே, அந்த லூக்கா ஒரு வைத்தியர்.

எச்சரிக்கையும் ஒரு அழைப்புத்தான்

சில நேரம் ஆண்டவருடைய வழிநடத்துதல் மிகச் சாதாரணமான வாயால் வரும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பின்னேரம் மறுபடியும் சுமத்திராப் பக்கம் பெரிய நில நடுக்கம். இந்த முறை எச்சரிக்கை வந்தது. பொலிசார் சொன்னார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கிழவர், பிள்ளைகள், நோயாளிகள் எல்லாரும் மேற்கே வயல் பக்கம் போனோம். இரவு வந்தது. கடல் வரவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்தோம். ‘வீணாக ஓடினோமே’ என்று எங்கள் ஊரில் ஒருவரும் வருத்தப்படவில்லை. 2004ஐக் கண்டவர்கள் அல்லவா.

நேற்று வரும்போது கொஸ்லந்தையில் பஸ் ஜன்னலால் மலையைப் பார்த்தேன். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே, 2005இலேயே, எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. போ என்றால் போவதற்கு ஒரு வீடு வேண்டும், நிலம் வேண்டும், அங்கிருந்து வேலைக்கு வர வழி வேண்டும். அதைச் செய்து கொடுக்க வேண்டியவர்களும் ‘பிறகு பார்ப்போம்’ என்று தவணை போட்டார்கள். பிந்துகிற பாவம் லயத்தில் மட்டும் இருப்பதில்லை, மேசைக்குப் பின்னாலும் இருக்கிறது.

ஆனால் உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். மழை விடாமல் பெய்யும்போது நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். கோழியையும் ரீவியையும் பிறகு பார்க்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதி வையுங்கள். லோத்துவின் வீட்டார் தாமதித்துக்கொண்டு நின்றபோது, தூதர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. உங்கள் லயத்தில் எழும்ப முடியாத ஆச்சி இருந்தால், அந்தத் தூதனுடைய வேலை உங்களுக்குத்தான்.

இன்றைக்குச் செய்வது

முடிக்கிறேன். பெரிய காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. நீங்கள் ஒவ்வொருவரும், ‘செய்ய வேண்டும், பிறகு செய்வோம்’ என்று வைத்திருக்கிற ஒன்று இருக்கும். அது என்னவென்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அடுத்த காம்பராவில் இருக்கிற தம்பியோடு மூன்று வருடமாகப் பேச்சில்லையா? பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இன்னும் எடுக்கவில்லையா? மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கொழும்புக்குக் கடைக்கு அனுப்பியது பிழை என்று மனம் சொல்கிறதா? சம்பள நாளில் வீட்டுக்கு வர முன்னம் கால் வேறு பக்கம் திரும்புகிறதா? கடை முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய காசு கிடக்கிறதா? ஊரில் தனியே இருக்கிற அம்மாவுக்கு ஒரு டெலிபோன் எடுக்கவில்லையா?

அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, இன்றைக்கு இரவு படுக்க முன்னம் தொடங்குங்கள். முடிக்க வேண்டியதில்லை. எழும்பி அந்தக் கதவைப் போய்த் தட்டினால் போதும். உள்ளே இருக்கிறவர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கும். எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. காக்கா என்ன சொல்வாரோ என்று இரண்டு மாதம் பயந்தேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பிறகுதான் தெரிந்தது. “வாங்க மாஸ்டர், தேத்தண்ணி குடிப்பம்” என்றிருப்பார். அவ்வளவுதான்.

உங்களுக்காகவும் யாரோ ஒருவர், ‘ஒரு நாளைக்கு வருவான்’ என்று சொல்லிக்கொண்டு இருக்கக்கூடும். போங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் இந்த மலையையும் காப்பாராக.